சிக்னல் செயலி: வல்லரசுகளுக்கு நடுவே ஓர் இயக்கம் இதை எவ்வளவு நம்பலாம்?

சிக்னல் என்ற செய்தி அனுப்பும் செயலி பற்றிப் பேச்செடுத்தால் இடதுசாரி வட்டங்களில் உடனே வரும் கேள்வி ஒன்று: "அது அமெரிக்கப் பணத்தில் வளர்ந்ததுதானே?" ஆமாம், வளர்ந்ததுதான். அதை உருவாக்கிய ஓப்பன் விஸ்பர் சிஸ்டம்ஸ் குழுவுக்கு 2013 முதல் 2016 வரை ஓப்பன் டெக்னாலஜி ஃபண்ட் கொடுத்தது ஏறத்தாழ 30 லட்சம் டாலர். அந்த நிதி அமைப்பு அப்போது ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் கீழ் இருந்தது. ரேடியோ ஃப்ரீ ஏசியாவோ அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய காசில் ஓடிய ஒலிபரப்பு. சீனா, வியட்நாம், வட கொரியா போன்ற நாடுகளை நோக்கிப் பேசுவது அதன் வேலையாக இருந்தது. எல்லாம் பொதுப் பதிவில் இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை.

இதே கேள்வி 2019 ஹாங்காங் போராட்டத்தின் மீதும் வீசப்பட்டது. சீனப் பெருநிலத்துக்கு ஆட்களை ஒப்படைக்க வழிசெய்யும் மசோதாவை எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தபோது உலக இடதுசாரிகள் இரண்டு பக்கமாக நின்றார்கள். கூட்டத்தில் அமெரிக்கக் கொடி தெரிகிறது, எனவே இது வாஷிங்டன் நடத்தும் வண்ணப் புரட்சி, அதாவது வெளியிலிருந்து தூண்டிவிட்ட ஆட்சிமாற்றக் கிளர்ச்சி என்றது ஒரு பக்கம். மறுபக்கம் அந்த ஊரின் வரலாற்றை எடுத்து வைத்தது: 1997 ஜூனில் நிறைவேறிய கூட்டுப்பேரச் சட்டத்தை, நகரம் பெய்ஜிங்கிடம் கைமாறிய சில மாதங்களிலேயே புதிய சட்டமன்றம் ரத்து செய்தது. அந்தத் தற்காலிகச் சட்டமன்றத்தை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, பெய்ஜிங் அமைத்த 400 பேர் குழு தேர்ந்தெடுத்தது. தொழிலாளிக்குப் பேரம் பேசும் உரிமைகூட இல்லாத ஊரில் வாக்குரிமை கேட்பவரைக் கொடியை வைத்து எடை போடுவது எந்த வகை வர்க்கப் பார்வை?

இரண்டாம் பக்கத்தில் நின்றுதான் இந்த மதிப்பாய்வு எழுதப்படுகிறது. பணம் யாருடையது என்று கேட்பது சரியான கேள்வி. ஆனால் அதோடு நின்றுவிட்டால் ஒன்றும் தெரியாது. அடுத்து இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணம் கொடுத்தவனால் நம் பேச்சைப் படிக்க முடியுமா? அவன் நினைத்தால் கடையைச் சாத்த முடியுமா? சிக்னலைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கு விடை 'முடியாது'. இரண்டாவதற்கு விடை அவ்வளவு நிம்மதியானது இல்லை.

ஹாங்காங்கில் எது உடைந்தது

2019இல் ஹாங்காங்காரர்கள் பெரிதும் நம்பியது டெலிகிராமை. ஒரு குழுவில் 2 லட்சம் பேர் சேரலாம், உள்ளேயே வாக்கெடுப்பு வைக்கலாம், சேனல் வழியே ஒரே நொடியில் ஊருக்கே சொல்லலாம். ஆகஸ்ட் 5 வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரண்டது இப்படித்தான். அன்று 200க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின, மெட்ரோ பல தடங்களில் நின்றது. தலைவர் என்று யாரும் இல்லாத இயக்கத்துக்கு டெலிகிராம் பெரிய மைதானமாக இருந்தது. அந்த மைதானத்துக்கு மதில் இல்லை என்பது போகப் போகத்தான் உறைத்தது.

டெலிகிராமில் குழு உரையாடல் எதற்கும் முனைக்கு முனை மறையாக்கம் கிடையாது, அதாவது பேசுபவர்களின் ஃபோனைத் தவிர வேறெங்கும் படிக்க முடியாதபடி பூட்டும் முறை இல்லை. இருவர் மட்டும் பேசும் 'சீக்ரெட் சாட்' ஒன்றுக்குத்தான் உண்டு. அதையும் நாமே தேடித் திறக்க வேண்டும். மற்ற அனைத்தும் நிறுவனத்தின் சர்வரில், நிறுவனம் நினைத்தால் படிக்கக்கூடிய நிலையில் கிடக்கும். ஜூன் 11 இரவு ஒரு பெரிய குழுவின் அட்மின் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டு, பொதுத் தொல்லைக்குச் சதி செய்தது. குழுவில் பெயர் வெளியே தெரியும் ஒரே ஆள் அட்மின், ஆகவே முதல் அடி அவருக்கு. மறுநாள் சட்டமன்றத்தை மக்கள் சூழ்ந்திருந்த நேரத்தில் டெலிகிராம் சர்வர்கள் மீது போலிக் கோரிக்கைகள் வெள்ளமாகக் கொட்டப்பட்டன. அவை பெரும்பாலும் சீன ஐபி முகவரிகளிலிருந்து வந்ததாக அதன் நிறுவனர் பாவெல் துரோவ் சொன்னார்.

ஆகஸ்டில் வெளிவந்த ஓட்டை இதைவிட மோசம். 'என் எண்ணை யாரும் பார்க்க வேண்டாம்' என்று அமைத்தவரின் எண்ணும் கசிந்தது. வழி மிக எளிது: ஒரு ஃபோனின் தொடர்புப் பட்டியலில் வரிசையாக ஆயிரக்கணக்கான எண்களைப் போட்டுக்கொண்டு குழுவில் சேர வேண்டும். பட்டியலில் இருக்கும் எண்ணுக்குரியவர் குழுவில் இருந்தால் செயலியே இரண்டையும் பொருத்திக் காட்டிவிடும். ஹாங்காங் எண்கள் எட்டே இலக்கம். ஓர் அரசுக்கு முழு வரிசையையும் சலித்தெடுப்பது பெரிய வேலை இல்லை. செப்டம்பரில் டெலிகிராம் இதை அடைத்தது. அதற்குள் மூன்று மாதப் போராட்டம் நடந்து முடிந்திருந்தது.

2020 ஜூன் 30 அன்று, எதிர்ப்பைக் குற்றமாக்கிய பெய்ஜிங்கின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ஹாங்காங்கில் கூட்டம் கூட்டமாகச் சிக்னலை இறக்கினார்கள். காவல்துறைக்குத் தரவு கொடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்துவதாகப் பெரிய நிறுவனங்கள் அறிவித்துக்கொண்டிருந்தபோது, கொடுப்பதற்குத் தன்னிடம் தரவே இல்லை என்றது சிக்னல். அந்தக் கூற்று எவ்வளவு உண்மை என்பதில்தான் இந்தச் செயலியின் மதிப்பு அடங்கியிருக்கிறது.

சர்வரில் என்ன இருக்கிறது

2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் குற்ற வழக்கு தொடரலாமா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரி விசாரணை ஒன்று சிக்னலிடம் தரவு கேட்டு ஆணை அனுப்பியது. சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வரோடு இணைந்த நாள். யாரோடு பேசினார், எந்தக் குழுவில் இருக்கிறார், ப்ரொஃபைல் பெயர் என்ன, எதுவும் இல்லை. சொந்த நாட்டு அரசு கேட்டபோதே இதுதான் நிலை. குழுவின் பெயரும் உறுப்பினர் பட்டியலும் மறையாக்கம் செய்யப்பட்டே சர்வரில் இருக்கின்றன. 2018 முதல், அனுப்பியவர் யார் என்பதையும் உறைக்குள் வைத்து மூடி அனுப்பும் முறை வந்தது. வாட்ஸாப்பும் இதே மறையாக்க முறையைத்தான் 2016இலிருந்து பயன்படுத்துகிறது. ஆனால் யார், யாரோடு, எப்போது என்ற விவரம் மெட்டா நிறுவனத்திடம் சேர்கிறது. சங்கத்தை உடைக்க நினைப்பவனுக்குப் பேச்சின் உள்ளடக்கத்தைவிட அந்த விவரம்தான் தேவை.

ஃபோனில் ஓடும் செயலியின் நிரல் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் படித்துச் சோதிக்கலாம், சோதித்தும் வருகிறார்கள். அமெரிக்கப் பணம் பற்றிய சந்தேகத்துக்கு உண்மையான பதில் இந்தச் சோதனைதான், நிறுவனத்தின் நல்லெண்ணம் இல்லை. இதில் சிக்னல் ஒருமுறை சறுக்கியது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு சர்வர் நிரலின் புதிய வடிவத்தைப் பொதுவில் வெளியிடவே இல்லை. 2021 ஏப்ரலில் வெளியிட்டபோது மொபைல்காயின் என்ற மறைநாணயத்தைச் செயலியில் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. மறையாக்கம் ஃபோனிலேயே நடப்பதால் பேச்சு கசியவில்லை. இருந்தாலும் இயக்கங்களின் நம்பிக்கையில் வாழும் நிறுவனம் செய்யக்கூடாத வேலை அது. போராட்டக்காரர்களின் தகவல் செயலிக்குள் நாணயச் சூதாட்டத்துக்கு என்ன வேலை?

கணக்கு தொடங்க ஃபோன் எண் இன்னும் கட்டாயம். இதுதான் சிக்னலின் பெரிய குறை. ஹாங்காங்கில் 2022 மார்ச் முதல் சிம் கார்டுக்கு அடையாளப் பதிவு வந்துவிட்டது. நம் ஊரில் நெடுநாளாகவே உண்டு. எண் என்றால் ஆள் என்று அர்த்தம். 2022 ஆகஸ்டில் சிக்னலுக்காகக் குறுஞ்செய்தி அனுப்பும் ட்விலியோ நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தபோது ஏறத்தாழ 1,900 பேரின் எண்கள் வெளிப்பட்டன. எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கும் வரை இந்த ஆபத்து போகாது. எண் வேண்டாம் என்றால் போலிக் கணக்குகள் வெள்ளமாக வரும் என்பது நிறுவனத்தின் தரப்பு. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. விலையைக் கொடுப்பது மட்டும் பயனர்.

2024 பிப்ரவரியில் வந்த யூசர்நேம் வசதி பாதிக் காயத்துக்கு மருந்து. எண்ணைக் காட்டாமலே பேசலாம். இதில் ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். நடப்பில் இருக்கும் யூசர்நேமை அப்படியே எழுதி நீதிமன்ற ஆணையோடு கேட்டால், அது எந்தக் கணக்குக்கு உரியது என்று சிக்னலால் பொருத்திப் பார்க்க முடியும். மாற்றிவிட்ட பழைய யூசர்நேமுக்கு முடியாது. ஆகவே துண்டறிக்கையில் யூசர்நேம் அச்சிட்டால், ஆள் சேர்க்கும் வேலை முடிந்த கையோடு அதை மாற்றிவிட வேண்டும். மாற்றுவதால் ஏற்கெனவே நடந்துவரும் உரையாடல் எதுவும் அறாது.

அமைக்கும் முறை

இறக்கியபடியே பயன்படுத்தினால் சிக்னலின் பாதிப் பலன்தான் கிடைக்கும். கீழே உள்ளவை ஒவ்வொன்றும் எங்கோ உடைந்ததைப் பார்த்துச் சொல்வது.

முதலில் பின் எண்ணும், உங்கள் எண்ணில் வேறொருவர் கணக்குத் தொடங்காமல் தடுக்கும் பதிவுப் பூட்டும். 2016 ஏப்ரலில் ரஷ்ய எதிர்ப்பாளர்களின் டெலிகிராம் கணக்குகளுக்குள் வேற்றாள் நுழைந்தது குறுஞ்செய்தியில் வரும் சரிபார்ப்பு எண்ணை இடையில் பிடித்துத்தான். தொலைபேசி நிறுவனம் அரசின் பிடியில் இருந்தால் இந்தத் திருட்டுக்குத் திறமையே தேவையில்லை. செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் 'ரெஜிஸ்ட்ரேஷன் லாக்'கை இயக்குங்கள். பின் எண்ணாக நான்கு இலக்கம் வைக்கலாம் என்று செயலி சொல்லும். அதைக் கேட்காமல் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக வையுங்கள். பூட்டு நிரந்தரம் இல்லை. 7 நாள் தொடர்ந்து செயலியைத் திறக்காமல் இருந்தால் காலாவதியாகிவிடும். கைதாகி ஒரு வாரத்துக்கு மேல் உள்ளே இருக்கும் தோழரின் எண்ணில் வேறு யாரோ புதிதாகக் கணக்குத் தொடங்க முடியும். பழைய செய்திகள் அவர்களுக்குக் கிடைக்காது, ஆனால் அந்தத் தோழரின் பெயரில் புதிதாகப் பேசலாம். ஒருவர் கைதான செய்தி வந்த அந்த நிமிடமே அவரை எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்குவதற்கு இது இன்னொரு காரணம். அவமதிப்பாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முன்னதாகவே பேசி வையுங்கள்.

அடுத்து பிரைவசி பகுதியில் 'ஃபோன் நம்பர்'. இரண்டு கேள்விகள் இருக்கும்: எண்ணை யார் பார்க்கலாம், எண்ணை வைத்து யார் தேடிக் கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் 'நோபடி'. பலர் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஹாங்காங் டெலிகிராமில் வரிசை எண்களைப் போட்டுச் சலித்த வேலைக்கு இரண்டாவதுதான் தடை.

மறையும் செய்திக்கு இயல்பு நேரம் வையுங்கள். உச்ச வரம்பு 4 வாரம். போராட்டக் காலத்தில் ஒரு நாள் போதும், கைது நடக்கும் இடங்களில் ஒரு மணி நேரம். கடிகாரம் அனுப்பியவருக்கு அனுப்பிய நொடியிலும், பெற்றவருக்குப் படித்த நொடியிலும் தொடங்கும். படிக்காமல் கிடக்கும் செய்தி அந்த ஃபோனில் அழியாமல் அப்படியே இருக்கும். பறிமுதல் செய்யப்பட்ட ஃபோன்களில் இதுதான் வம்பு. கேலரியில் சேமித்த படத்தையும் இந்தக் கடிகாரம் தொடாது.

பூட்டிய திரையில் வரும் அறிவிப்பில் பெயரும் வேண்டாம், செய்தியும் வேண்டாம். மறையாக்கத்தை உடைக்க முடியாத காவலருக்கு, மேசை மேல் கிடக்கும் ஃபோனின் திரையில் ஒளிரும் ஒரு வரி போதும். ஐஃபோனில் சிக்னல் அழைப்புகள் ஃபோனின் பொது அழைப்புப் பட்டியலில் பதிவாகாதபடி அணைத்துவிடுங்கள். 'ஆல்வேஸ் ரிலே கால்ஸ்' என்பதை இயக்கினால் எதிர்முனைக்கு உங்கள் ஐபி முகவரி தெரியாது. குரல் கொஞ்சம் தாமதமாகும்.

'லிங்க்டு டிவைசஸ்' பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். ரஷ்யச் சார்புக் குழுக்கள் இதைத்தான் குறிவைக்கின்றன என்று 2025 பிப்ரவரியில் கூகுளின் பாதுகாப்புப் பிரிவு அறிக்கை வெளியிட்டது. குழுவில் சேரும் அழைப்புபோல ஒரு க்யூஆர் படம் வரும். அதை ஸ்கேன் செய்தால் உண்மையில் வேறொருவரின் கணினி உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். அன்றிலிருந்து வரும் செய்தியெல்லாம் அங்கேயும் போகும். மறையாக்கம் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கும், பேச்சு மட்டும் கசிந்துகொண்டே இருக்கும்.

குழுக்கள் பற்றி. 1,000 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் சேர்த்துவிடாதீர்கள். 1,000 பேர் இருக்கும் குழுவில் உளவாளி இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது, அப்படிப்பட்ட குழுவுக்கு மறையாக்கம் வெறும் அலங்காரம். ஊருக்குச் சொல்ல வேண்டியதை வெளிப்படையான சேனலில், எதிரியும் படிப்பான் என்று தெரிந்தே சொல்லுங்கள். முடிவு எடுக்கும் குழு ஒருவரையொருவர் முகம் பார்த்த 20, 25 பேரோடு நிற்கட்டும். புதியவரைச் சேர்க்கும் அதிகாரம் அட்மினுக்கு மட்டும், இணைப்பு வழியே வருபவருக்கு அட்மின் ஒப்புதல், அட்மின் குறைந்தது மூன்று பேர். ஒருவர் கைதானால் மற்ற இருவர் குழுவைக் காப்பாற்றுவார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் மேல்மட்டமே ஏமன் தாக்குதலைப் பற்றிச் சிக்னல் குழுவில் பேசி, அதில் ஒரு பத்திரிகை ஆசிரியரைத் தவறுதலாகச் சேர்த்து வைத்திருந்தது. செயலி சரியாகத்தான் வேலை செய்தது. ஆளைச் சரிபார்க்கும் வேலையைச் செயலி செய்யாது, அது மனிதர்களுடையது. அதற்கென்றே ஒவ்வோர் உரையாடலுக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் இருக்கிறது. நேரில் சந்திக்கும்போது ஒப்பிட்டுப் பார்த்து 'வெரிஃபைடு' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஃபோன். ஹாங்காங் காவல்துறை பறிமுதல் செய்த ஃபோன்களைத் திறக்க இஸ்ரேலிய நிறுவனமான செலிபிரைட்டின் கருவிகளைப் பயன்படுத்தியது. சிக்னல் வழியில் செல்லும் செய்தியைக் காக்கும். திறந்துகிடக்கும் ஃபோனைக் காக்காது. போராட்டத்துக்குப் போகும் முன் கைரேகையையும் முகத் திறப்பையும் அணைத்து, நீளமான கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். பிடிபடும் நிலை வந்தால் ஃபோனை முழுதாக அணையுங்கள். அணைத்து, மறுபடி திறக்கப்படாத ஃபோனிலிருந்து தரவு எடுப்பது, பூட்டி மட்டும் வைத்த ஃபோனைவிடக் கடினம்.

எந்த வல்லரசு யார் பக்கம்

செலிபிரைட் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் முகாம் பார்த்து அரசியல் பேசுபவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளி நாட்டு நிறுவனம் பெய்ஜிங்கின் காவலர்களுக்குக் கருவி விற்றது. ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் விற்பதை நிறுத்துவதாக 2020 அக்டோபரில்தான் அறிவித்தது. தெருவில் வெடித்த கண்ணீர்ப்புகைக் குண்டுகளில் பென்சில்வேனியாவில் தயாரானவை இருந்தன, பிரிட்டனில் தயாரானவையும் இருந்தன. காவலர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டிய வரைபடச் செயலியை 2019 அக்டோபரில் ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. 1989 தியானன்மென் படுகொலையின் நினைவுக் கூட்டங்கள் பற்றிப் பெய்ஜிங் சொன்னதும், ஹாங்காங் தொழிற்சங்கத் தலைவர் லீ சியூக்-யானின் கணக்கை 2020இல் ஸூம் மூடியது. பின்னர் திரும்பக் கொடுத்தது. இவை எல்லாம் அமெரிக்காவின், அதன் கூட்டாளி நாடுகளின் மூலதனம். சந்தை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018இல் ஷென்ஷென் நகரின் ஜாசிக் ஆலையில் சங்கம் வைக்க முயன்ற தொழிலாளருக்குத் துணையாகப் போனவர்கள் பீக்கிங் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களின் மார்க்சிய மாணவர்கள். ஆகஸ்ட் மாதம் ஒரே விடியலில் ஏறத்தாழ 50 பேர் வளைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஆதரவான பதிவுகள் சீனச் செயலியான வீசாட்டிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டன. மார்க்ஸைப் படித்துவிட்டு ஆலை வாசலுக்குப் போன பிள்ளைகளைச் சிறையில் போட்ட அரசு, அமெரிக்காவுக்கு எதிரி என்ற ஒரே காரணத்தால் தொழிலாளிக்கு நண்பனாகிவிடாது. எகிப்தில் 2011 ஜனவரியில் நெட்டை அறுத்த அதிபர் முபாரக் வாஷிங்டனின் ஆள். பிரிட்டன் நிறுவனமான வோடஃபோன் அவர் ஆணைக்குக் கட்டுப்பட்டு இணைப்பைத் துண்டித்தது, அரசின் குறுஞ்செய்திகளையும் தன் வலையில் அனுப்பியது.

சிக்னலின் கதையிலும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. காவலர் கையால் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கொலையை எதிர்த்து அமெரிக்கத் தெருக்கள் கொதித்த 2020 ஜூனில், படத்தில் உள்ள முகங்களை மங்கலாக்கும் வசதியைச் செயலியில் சேர்த்தார்கள். வாஷிங்டன் காசில் முளைத்த கருவி, அமெரிக்கக் காவல்துறைக்கு எதிராகவும் அதே பலத்தோடு நின்றது. கணிதம் கட்சி பார்ப்பதில்லை.

சாத்த முடியுமா என்ற கேள்வி

இங்கேதான் மதிப்பெண் குறைகிறது. 2018இல் வாட்ஸாப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் கொடுத்த 5 கோடி டாலரோடு சிக்னல் லாபநோக்கற்ற அறக்கட்டளையானது. அரசுப் பணம் அதற்கு முன்பே நின்றுவிட்டது. 2023 நவம்பரில் நிறுவனமே வெளியிட்ட கணக்குப்படி சர்வர், அலைவரிசை முதலிய கட்டமைப்புக்கு மட்டும் ஆண்டுக்கு 1.4 கோடி டாலர். அதில் 60 லட்சம், பதிவுக்கான குறுஞ்செய்தி அனுப்பவே போகிறது. 2025இல் மொத்தச் செலவு ஆண்டுக்கு 5 கோடி டாலரை எட்டும் என்று கணித்தார்கள். விளம்பரம் இல்லை, பெரும்பாலும் நன்கொடைதான். நன்கொடை கொடுப்பவர்கள் குறைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

சர்வர்கள் அமேசான் போன்ற பெருநிறுவனங்களின் வாடகை இடத்தில் இருக்கின்றன. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் கிளவுட் முடங்கியபோது சிக்னலும் படுத்தது. 2021 ஜனவரியில் வாட்ஸாப்பை விட்டு மக்கள் கூட்டமாக வந்தபோது ஒரு நாளுக்கும் மேல் திணறியது. இவை விபத்துகள். விபத்தாக நடப்பது ஆணையாலும் நடக்கலாம். 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் கட்டுப்படுத்தியது. சிக்னலுக்கு இதுவரை அப்படி ஆணை வரவில்லை. வந்தால் மறுக்க, அது இருக்கும் நாட்டின் சட்டம் அவ்வளவாக இடம் தராது.

வாஷிங்டனின் ஆதரவு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு ஓப்பன் டெக்னாலஜி ஃபண்டின் கதியே சாட்சி. 2020 ஜூனில் ட்ரம்ப் நியமித்த அதிகாரி வந்ததும் அதன் நிதி முடங்கியது. தேசியப் பாதுகாப்புச் சட்டம் வரவிருந்த அந்த வாரங்களில் ஹாங்காங் போராட்டக்காரர்களுக்கு ஒதுக்கியிருந்த உதவியும் அதில் மாட்டிக்கொண்டது. 2025 மார்ச்சில் அதன் மானியமே ரத்தானது, வழக்குப் போட்ட பிறகுதான் ரத்து திரும்பப் பெறப்பட்டது. ஹாங்காங் இயக்கத்தில் ஒரு பகுதியினர் 2019 நவம்பரில் கையெழுத்தான அமெரிக்காவின் ஹாங்காங் மனித உரிமை, ஜனநாயகச் சட்டத்தைத்தான் பெரிய வெற்றியாகக் கொண்டாடினார்கள். அதே காலத்தில் வேறு சிலர் மருத்துவமனை, உணவகம், அலுவலகம் என்று நூற்றுக்கணக்கில் புதிய சங்கங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனை ஊழியர்கள் 2020 பிப்ரவரியில் 5 நாள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். பெய்ஜிங் அதிகம் பயந்தது எதற்கு என்பதை 2021 அக்டோபரில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு கலைய வேண்டிவந்த விதம் காட்டுகிறது.

சீனா 2021 மார்ச்சில் சிக்னலைத் தடுத்தது, ரஷ்யா 2024 ஆகஸ்டில். தடுக்கப்பட்ட இடத்துக்குப் பிராக்ஸி, அதாவது தடையைச் சுற்றிக் கடத்தும் இடைநிலை சர்வர் உண்டு. நடத்துவது கடினமில்லை: வெளிநாட்டில் ஒரு சிறிய வாடகை சர்வர், அதைச் சுட்டும் ஒரு டொமைன் பெயர், 80, 443 ஆகிய போர்ட்கள் திறந்திருக்க வேண்டும். நிரல்களைப் பொட்டலமாக ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளை நிறுவி, சிக்னல் வெளியிட்டிருக்கும் பிராக்ஸி நிரலை இறக்கி, சான்றிதழ் பெறும் ஸ்க்ரிப்டை ஒருமுறை ஓட்டிவிட்டுத் தொடங்கினால் போதும். பயனர் இணைப்பைத் தொட்டாலே செயலி அமைத்துக்கொள்ளும். முகவரியைப் பொதுவெளியில் போட்டால் தணிக்கை செய்பவரும் பார்த்துத் தடுத்துவிடுவார். கைக்குக் கை கொடுங்கள். ஈரானில் கற்ற இன்னொன்று: பிராக்ஸி இருந்தும் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி வராமல் பலரால் கணக்கே தொடங்க முடியவில்லை. தடை வரும் முன்பே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

நெட்டையே அறுத்துவிட்டால் சிக்னல் வெறும் ஐகான். அந்த நேரத்துக்கென்று 2019இலும், 2021 மியான்மர் ஆட்சிக்கவிழ்ப்பின்போதும் பிரிட்ஜ்ஃபை என்ற ப்ளூடூத் செயலியை லட்சக்கணக்கில் இறக்கினார்கள். 2020இல் லண்டனின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, தனிச்செய்தியைப் படிக்கலாம், இன்னொருவர் பெயரில் அனுப்பலாம், ஒரே செய்தியால் மொத்த வலையையும் முடக்கலாம் என்று தெரிந்தது. அவசரத்துக்கு ஏதோ ஒன்று என்று எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

அந்த இடத்துக்குப் பிரையர் என்ற செய்திச் செயலி பொருத்தம். ஃபோன் எண் வேண்டாம், மைய சர்வர் இல்லை. நெட் இருந்தால் யார் எங்கிருந்து பேசுகிறார் என்பதை மறைக்கும் டார் வலை வழியாகப் போகும், இல்லையென்றால் ப்ளூடூத்தும் வைஃபையும். எதிரெதிரே நின்று ஒருவர் திரையை ஒருவர் ஸ்கேன் செய்து தொடர்பு சேர்க்கலாம், தூரத்தில் இருந்தால் இணைப்பு பரிமாறியும் சேர்க்கலாம். செயலியை நெட் இல்லாமலே ஒரு ஃபோனிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. குறைகள் பல: ஆண்ட்ராய்டில் மட்டும்தான் கைபேசிச் செயலி, ஐஃபோனுக்கு இல்லை. பேட்டரியைத் தின்னும். பேட்டரி சேமிப்பு முறை அதைப் பின்னணியில் கொன்றுவிடும், ஆகவே விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் கணக்கு போனது போனதுதான். தனிச்செய்தி அந்நியர் ஃபோன்கள் வழியே தாவிப் போகாது. நெட் இல்லாதபோது இருவரும் ப்ளூடூத் எட்டும் பத்து மீட்டருக்குள்ளோ ஒரே வைஃபையிலோ இருக்க வேண்டும். இந்திய அரசு 2023 மே மாதம் காஷ்மீரைக் காரணம் காட்டித் தடுத்த 14 செயலிகளில் பிரையரும் ஒன்று.

ஆலைச் சங்கமோ மாணவர் அமைப்போ இன்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் சிக்னலைத் தயங்காமல் எடுக்கலாம். இதே எளிமையோடு இவ்வளவு குறைவாகத் தரவு வைத்திருக்கும் மாற்று இப்போதைக்கு இல்லை. பதிவுப் பூட்டு, எண் மறைப்பு, மறையும் நேரம் மூன்றையும் முதல் நாளே அமைத்துவிட்டு, உறுப்பினர்களின் பெயரும் வீடும் தெரு வாரியாகத் தெரிந்த ஆட்கள் பகுதிக்கு இருவராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். சர்வர் படுத்த நாளில் செய்தியைச் சைக்கிளில் எடுத்துப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான்.